ஐந்தெழுத்து ஜபம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு 'நமசிவாய' சொல்லக் கற்றுத் தந்தவர் யாரும் இல்லை. பாட்டி உட்காரும்போதும் எழும்போதும் 'சிவசிவா' என்பார், அவ்வளவுதான். நானாகத் தொடங்கினேன். முதல் ஒன்றரை வருடத்தில் மூன்று ஜபமாலை வாங்கினேன், நான்கு மந்திரம் மாற்றினேன், ஒருவரிடம் பணம் கொடுத்து ஏமாந்தேன். ஒரு நாள் 1,008 முறை சொல்லி முடித்து எழுந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த அரை மணி நேரமும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு கடிதத்தை மனசுக்குள் எழுதி முடித்திருக்கிறேன். கடிதம் நன்றாகவே வந்திருந்தது. ஜபம்தான் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியவர்களைக் கேட்டும், சைவ சித்தாந்த (சைவ சமயத் தத்துவ) வகுப்பில் உட்கார்ந்தும், தப்பித் தவறியும் ஒரு ஒழுங்குக்கு வந்தேன். நீங்கள் அந்த ஒன்றரை வருடத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த வடிவம் என்று முடிவு செய்யுங்கள்

ஐந்தெழுத்து என்பது ந, ம, சி, வா, ய. இதை அடுக்கும் விதத்தில்தான் வடிவங்கள் மாறும். 'நமசிவாய' என்பது தூல பஞ்சாட்சரம், அதாவது பருமையான ஐந்தெழுத்து. 'சிவாயநம' சூக்கும பஞ்சாட்சரம், அதாவது நுண்மையானது. இதற்கு மேல் 'சிவாயசிவ', 'சிவசிவ' என்றும் உண்டு. உலக வாழ்விலும் நலம் வேண்டுபவருக்கு முதலாவது, வீடுபேறு ஒன்றே குறி என்பவருக்கு இரண்டாவது என்று சைவ சித்தாந்தத்தில் பிரித்துச் சொல்வார்கள்.

என் யோசனை: வாயால் சொல்ல 'நமசிவாய'வில் தொடங்குங்கள். பொருளை நினைத்துப் பார்க்க 'சிவாயநம' அடுக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று 5ஆம் படியில் சொல்கிறேன். ஒருமுறை முடிவு செய்தால் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், மாற்றாதீர்கள். நான் அடிக்கடி மந்திரம் மாற்றியது, கிணறு வெட்டுகிறவன் நாலடிக்கு ஒரு இடம் மாறுவது போலத்தான் இருந்தது.

இங்கே ஒரு குழப்பம் வரும். தேவாரத்தில், திருவாசகத்தில் எல்லாம் 'நமச்சிவாய' என்று இருக்கிறதே, ச் சேர்த்தால் ஆறு எழுத்தாகிவிடாதா? ஆகாது. அந்த ச் தமிழில் சேர்ந்து வரும் ஒற்று. மந்திரத்தின் கணக்கில் அது வராது. அதேபோல 'ஆறெழுத்து' என்று யாராவது சொன்னால் அவர் பெரும்பாலும் முருகனுக்குரிய 'சரவணபவ'வைச் சொல்கிறார். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. உச்சரிப்பைச் சரி பாருங்கள்

சி குறில், வா நெடில், ய குறில். வேகம் ஏறினால் இது அப்படியே தலைகீழாகும்: 'நம்ஷ்வாயா'. என் முதல் மாத ஜபம் முழுக்க அப்படித்தான் இருந்தது என்பது அலைபேசியில் பதிவு செய்து கேட்டபோதுதான் தெரிந்தது. நீங்களும் ஒரு பத்து தடவை பதிவு செய்து கேளுங்கள். ஐந்து எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் போதும். வடமொழிச் சகரம் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஓதுவார்கள் தமிழ்ச் சகரத்தில்தான் ஓதுகிறார்கள்.

3. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

உண்மையைச் சொன்னால், எதுவும் வாங்காமலே தொடங்கலாம். கை விரல் போதும். பெருவிரலை விட்டுவிட்டால் மற்ற நான்கு விரலிலும் விரலுக்கு மூன்று கணு, மொத்தம் 12. ஒன்பது சுற்று வந்தால் 108. ஒன்பதை மறுகையில் எண்ணிக்கொள்ளலாம். பேருந்தில் போகும்போது இதுதான் வசதி.

மாலை வேண்டும் என்றால் ஐந்து முக ருத்திராட்சம் வாங்குங்கள். மிக அதிகமாகக் கிடைப்பது அதுதான், விலையும் குறைவு. சிறிய மணி கோத்த 108 மணி மாலை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு முகம், பதினான்கு முகம் என்று யாராவது ஆயிரக்கணக்கில் பேசத் தொடங்கினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். என்னிடம் ஒரு கடைக்காரர் டம்ளர் தண்ணீரில் மணியைப் போட்டு, 'மூழ்குது பாருங்க, அசல்' என்று காட்டி, ஒரே ஒரு மணிக்கு மாலையின் விலையைப் போலப் பல மடங்கு வாங்கினார். மூழ்குவதும் மிதப்பதும் மணி எவ்வளவு காய்ந்திருக்கிறது, எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது. அசல் மணியும் மிதக்கும், செதுக்கின மணியும் மூழ்கும். அந்த மணி இப்போது அலமாரியில் சும்மா கிடக்கிறது.

மாலையில் 108 மணியோடு தனியாக ஒரு பெரிய மணி இருக்கும். அதை நாயக மணி அல்லது மேரு என்பார்கள். எண்ணும்போது அதைத் தாண்டக் கூடாது. அங்கே வந்ததும் மாலையைத் திருப்பி, வந்த வழியே போக வேண்டும். ஆட்காட்டி விரல் படாமல், நடுவிரல் மேல் வைத்துப் பெருவிரலால் தள்ளுவது வழக்கம். கழுத்தில் போடுவது வேறு, ஜபத்துக்கு வேறு என்று வைத்துக்கொள்வதும் வழக்கம்தான். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், நூல் சீக்கிரம் இற்றுவிடும்.

அப்புறம் திருநீறு, உட்கார ஒரு துணி அல்லது பாய், ஒரு 40 பக்க நோட்டு. நோட்டு எதற்கு என்று 6ஆம் படியில் வரும். ஜபம் எண்ணும் ஆப் மட்டும் வேண்டாம். எண்ணுவதற்காக அலைபேசியைக் கையில் எடுத்தால், 108 முடிவதற்குள் இரண்டு குறுஞ்செய்தியாவது வந்து எட்டிப் பார்க்கும்.

4. நேரம்

ஒரு 'நமசிவாய'வுக்கு 3 நொடி என்று வைத்தால் 108க்கு ஐந்தரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மூச்சோடு சேர்த்து நிதானமாகச் சொன்னால் எட்டு, ஒன்பது நிமிடம். ஆரம்பத்தில் இது போதும். 'நேரமே இல்லை' என்று சொல்ல இடமே இல்லாத அளவு.

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் முன்னால் முடிவது. உதயம் 6 மணி என்றால் 4.24 முதல் 5.12 வரை. முடிந்தால் நல்லது. ஆனால் இரவு 12 மணிக்குப் படுத்துவிட்டு 4.24க்கு அலாரம் வைத்தால் மூன்றாம் நாள் ஜபமும் போகும், வேலையும் கெடும். குளித்ததும் முதல் வேலையாக என்று வைத்துக்கொண்டால் போதும். மாலையில் விளக்கேற்றும் நேரம் அடுத்தது. கிழக்கு அல்லது வடக்கு பார்த்து உட்காருவது மரபு.

திங்கள்கிழமை, பிரதோஷம், மாசி மாதச் சிவராத்திரி, மார்கழித் திருவாதிரை ஆகிய நாட்களில் கூட்டிச் சொல்வார்கள். பிரதோஷம் என்பது வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் திரயோதசி (பதின்மூன்றாம் திதி) அன்று மாலை, சூரியன் மறைவதை ஒட்டி வரும் நேரம். பஞ்சாங்கத்தில் தேதி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. பொருளை எழுத்து எழுத்தாக உள்ளே இறக்குங்கள்

இந்தப் படியைத் தவிர்த்ததால்தான் நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவசரம் இல்லாமல் படியுங்கள்.

சொல்லின் நேர்ப்பொருள் எளிது. 'நம' என்றால் வணக்கம், 'சிவாய' என்றால் சிவனுக்கு. 'சிவம்' என்ற சொல்லுக்கே மங்களம், நன்மை என்று பொருள். ஆக, நன்மையே வடிவானவனுக்கு வணக்கம். 'நம' என்பதை 'என்னுடையது அல்ல' என்று பிரித்துப் பொருள் சொல்வதும் உண்டு. அதுவும் நினைத்துப் பார்க்க நல்ல பொருள்தான்.

சித்தாந்தம் ஒவ்வொரு எழுத்துக்கும் தனிப் பொருள் தருகிறது. சி சிவம். வா அவன் அருள். ய உயிர், அதாவது நீங்கள். ந திரோதானம், மறைக்கும் ஆற்றல். ம மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு, முக்கியமாக ஆணவம். மறைக்கும் ஆற்றலும் அவனுடையதுதான் என்பதைக் கவனியுங்கள். உயிர் பக்குவப்படும் வரை உலகத்தில் ஓடியாட விட்டு, தன்னை மறைத்துக்கொள்கிறான். அதனால் 'ந' வில்லன் அல்ல.

இப்போது 'சிவாயநம' என்று ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். நடுவில் எது நிற்கிறது? ய. நீங்கள். ஒரு பக்கம் சி, வா. மறுபக்கம் ந, ம. நடுவில் நிற்கிற உயிர் எந்தப் பக்கம் முகம் திருப்புகிறது என்பதுதான் முழு விஷயமும். வலப்பக்கம் திரும்பினால் முதலில் தட்டுப்படுவது ந, அதற்கு அப்பால் ம. இடப்பக்கம் திரும்பினால் உடனே வா. அருளைத் தொடாமல் சிவத்தைத் தொட முடியாது என்பது எழுத்து அடுக்கிலேயே இருக்கிறது. தமிழ்க் காதுக்கு இதில் கூடுதலாக ஒரு சுகம்: அந்தப் பக்கம் திரும்பியதும் கேட்கிற முதல் எழுத்து 'வா' என்கிறது. இது இலக்கண விளக்கம் இல்லை, நானாக ரசித்துக்கொள்வது.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஜபத்தில் மனசு நிற்கத் தொடங்கியது. தினமும் ஜபத்துக்கு முன் ஐந்து நிமிடம் அந்தத் தாளைப் பார்த்து உட்காருங்கள். வாரம் ஒரு எழுத்து. நூல் விதித்த முறை அல்ல இது, எனக்குப் பலித்த ஒழுங்கு.

முதல் வாரம் ய. மூச்சை மட்டும் கவனித்து, 'இது நான்' என்று இருங்கள், வேறொன்றும் வேண்டாம். இரண்டாம் வாரம் ம. நேற்று 'நான்', 'என்' என்று எங்கே முறுக்கிக்கொண்டோம் என்று ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துப் பாருங்கள். எனக்கு வந்தது: திருமண வீட்டில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று மூன்று நாள் புழுங்கியது. சாப்பாடு அதே சாப்பாடுதான். இலைகூட அதே அளவு. அந்தப் புழுக்கத்துக்குப் பெயர் ம. அதைத் திட்ட வேண்டாம், அடையாளம் கண்டால் போதும். மூன்றாம் வாரம் ந. அந்தச் சம்பவத்தையே மறுபடி எடுத்து, அது எனக்கு எதைக் கற்றுத் தர வந்தது என்று பாருங்கள். நான்காம் வாரம் வா. கேட்காமலே கிடைத்த உதவி ஒன்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வாரம் எல்லோருக்கும் சுலபமாக இருக்கும். ஐந்தாம் வாரம் சி. இதில் நினைக்க ஒன்றும் இல்லை. 'சி' என்று ஒருமுறை மெல்லச் சொல்லி, அந்த ஒலி அடங்கும் இடத்தில் சும்மா இருங்கள்.

படம் இருந்தால் சுலபமாகும் என்பவர்களுக்கு நடராசர் திருவுருவம். அதிலும் ஐந்தெழுத்து இருப்பதாகச் சித்தாந்த நூல் சொல்கிறது. துடி (உடுக்கை) ஏந்திய கை சி. வீசிய கை வா. அஞ்சாதே என்று காட்டும் கை ய. தீ ஏந்திய கை ந. காலடியில் கிடக்கும் முயலகன் ம. கண்ணை இந்த வரிசையில் நகர்த்திக்கொண்டே 'சி, வா, ய, ந, ம' என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். ஒன்று கவனியுங்கள்: அவருடைய வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரியும். துடி நமக்கு இடப்புறம், தீ நமக்கு வலப்புறம். நான் இதைக் கவனிக்காமல் இரண்டு வாரம் துடியையும் தீயையும் மாற்றி வைத்து தியானம் செய்துகொண்டிருந்தேன்.

6. எண்ணிக்கை, சத்தம், நோட்டு

ஜபம் மூன்று விதம். பிறர் காதில் விழச் சொல்வது வாசகம். தன் காதுக்கு மட்டும் கேட்க, உதடு அசையச் சொல்வது உபாம்சு. உதடும் அசையாமல் மனசுக்குள் சொல்வது மானசம். மூன்றில் மானசம் உயர்ந்தது என்பார்கள். அதைப் படித்துவிட்டு நேரே மானசத்தில் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. ஒன்று தூக்கம் வரும், இல்லை கடிதம் வரும். முதல் மாதம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த மாதம் உதட்டளவு. மனசு தானாக உள்ளே இழுத்தால் அப்போது மானசத்துக்குப் போகலாம். தூக்கம் வந்தால் உடனே திரும்ப வாய்விட்டுச் சொல்லத் தொடங்குங்கள்.

எழுத்துக்கு ஒரு லட்சம் வீதம் ஐந்து லட்சம் சொன்னால் மந்திரம் சித்தியாகும் என்று ஒரு கணக்கு உண்டு. கேட்டவுடன் எனக்கும் கை பரபரத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 108 என்றால் சுமார் 4,630 நாள், பன்னிரண்டரை வருடத்துக்கும் மேல். நாளுக்கு 1,080 என்றால் 463 நாள். இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் நான் 'நம்ஷ்வாயா' வேகத்துக்குப் போனேன். புதிதாகத் தொடங்குபவர் ஐந்து லட்சத்தை மறந்துவிடுங்கள். 108ஐ 48 நாள் சொன்னால் 5,184. அதுவே முதல் இலக்கு.

நோட்டு இதற்குத்தான். நாளுக்கு ஒரு வரி: தேதி, எத்தனை, எந்த எழுத்து, மனசு எங்கே போனது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். என் நோட்டில் முதல் மாதம் அந்தக் கட்டத்தில் 'கடிதம்', 'இ.எம்.ஐ.', 'மாமா பையன் கல்யாணம்' என்றுதான் இருக்கிறது. மூன்றாம் மாதம் அங்கங்கே வெறும் கோடு வந்தது. அதே நோட்டின் பின்பக்கத்தில் மனசு மிகவும் அலையும் நாட்களில் 'நமசிவாய' என்று எழுதலாம். எழுதும் கைக்கு வேலை இருப்பதால் மனசு கொஞ்சம் அடங்கும்.

7. தீட்சை வேண்டுமா?

இதில் சைவர்களிடையே இரண்டு பக்கமும் பேச்சு உண்டு. மந்திரமாக முறைப்படி ஜபிக்கத் தீட்சை, அதாவது குருவிடம் சடங்கோடு பெறும் உபதேசம், வேண்டும் என்பது ஆகம (சைவ வழிபாட்டு நூல்) வழி. இன்னொரு பக்கம், நற்குணம் இல்லாதவர்கூட இதைச் சொன்னால் தீங்கு நீங்குவர் என்று சம்பந்தர் நமச்சிவாயப் பதிகத்தில் பாடுகிறார். தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் நினையுங்கள் என்றும் அவரே பாடியிருக்கிறார். எனவே இறைவன் பெயராகச் சொல்லத் தொடங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தீட்டு நாட்களில் சொல்லலாமா என்று பெண்கள் நிறைய பேர் கேட்பார்கள். பூசை அறைக்குப் போகாமல், மாலையைத் தொடாமல், மனசுக்குள் சொல்வதற்குத் தடை இல்லை என்றுதான் எனக்குச் சொன்ன பெரியவர்கள் சொன்னார்கள்.

ஒரு வருடம் நிலைத்து நின்ற பிறகு விருப்பம் இருந்தால் தீட்சைக்குப் போகலாம். சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்று மூன்று படி. ஐந்தெழுத்து ஓதும் தகுதி சமய தீட்சையில் வருகிறது, சிவபூசை செய்யும் தகுதி விசேடத்தில். திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களிலும் (சைவ மடங்களிலும்), தகுதியுள்ள சிவாசாரியார்களிடமும் பெறலாம். நான் போன மடத்தில் கேட்ட ஆவணம் ஒன்றே ஒன்று: பெயர், வயது, ஊர், அலைபேசி எண் எழுதிய தாள். கொண்டுவரச் சொன்னது புது வேட்டி, துண்டு, ருத்திராட்சம், திருநீற்றுப் பை, தாம்பூலம், இயன்ற தட்சிணை. விடியும் முன் குளித்து, வெறும் வயிற்றோடு போக வேண்டும். அரை நாளாவது ஆகும், விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். இடத்துக்கு இடம் இது மாறும் என்பதால் ஒரு வாரம் முன்னாலேயே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

போகும் முன் இன்னொன்றையும் கேளுங்கள்: பிறகு என்னென்ன கடமை? தினசரி அனுட்டானம் (நாள்தோறும் செய்ய வேண்டிய வழிபாடு) உண்டு, புலால் விட வேண்டும். இது தெரியாமல் கூட்டத்தோடு கூட்டமாகத் தீட்சை வாங்கிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சங்கடப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் விஷயத்தில் எச்சரிக்கை. ஒருவர் என் ஜாதகத்துக்கென்றே ரகசிய மந்திரம் ஒன்று தருவதாகச் சொல்லி 5,100 ரூபாய் வாங்கினார். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பொன்னிற எழுத்தில், சுற்றிலும் தாமரைப் பூ போட்டு, 'நமசிவாய'. யாரிடமும் காட்ட வேண்டாம் என்று கீழே குறிப்பு வேறு.

8. விட்டுப்போன நாள்

விட்டுப்போகும். காய்ச்சல், பயணம், சோம்பல், ஏதாவது ஒன்று. மறுநாள் 216 சொல்லி ஈடுகட்டாதீர்கள். அடுத்த நாள் அது 324 ஆகும், அதற்கடுத்த நாள் மாலையைப் பார்க்கவே பயமாக இருக்கும். நான் 17 நாள் பாக்கி சேர்த்து, அந்தப் பயத்திலேயே இரண்டு மாதம் உட்காராமல் இருந்தேன். விட்ட நாளுக்கு நோட்டில் தேதியை மட்டும் போட்டு, மற்றக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். மறுநாள் வழக்கம்போல 108, எந்த எழுத்தில் நின்றீர்களோ அதே எழுத்து.